மானுக்கு உணரி இல்லை

முதலில் கட்டிலை வெளியே போட்டோம்.
இரும்பு பக்கத்தில் இருந்தால்
உணரிகளுக்குத் திசை பிசகுமாம்.
டைக் வீதியில், பூட்டிக்கிடந்த கொமினிகேசன் கடையின் பின்னறை.
ஜன்னல் கம்பியைக்கூட யூடித் சந்தேகித்தாள்.
அன்றிலிருந்து எனக்குப் பாய்.

கொழும்பில் நொடித்துப்போன ஒரு கேம் கம்பெனி
பாதி விலைக்குத் தள்ளிய உடுப்பு.
பதினேழு உணரி, அதில் ஒன்று செத்தது.
முழங்கை ஒட்டுப்பட்டியில் யாரோ ஒருவனின் வியர்வை
இன்னும் மணத்தது.
ஹெல்மெட்டில் கம்பி வளைத்து
என் முகத்துக்கு நேரே ஒரு ஃபோன்:
சிரித்தால் எடுத்துக்கொள்ளும்,
கொட்டாவியையும் விடாது.

"சிலுவை மாதிரி நில்லு" என்பாள் யூடித்,
ஒவ்வொரு இரவும் தொடங்க முன்.
கையிரண்டும் விரித்து, பத்து எண்ணும்வரை.
சொல்லிவிட்டு அவளே
நெற்றியில் அடையாளம் போட்டுக்கொள்வாள்.

திரையில் கை விரித்து நிற்பவள் நைரா.
என்னைவிட ஒரு சாண் உயரம்.
கழுத்து மச்சம் நான் கேட்டது,
மற்றதெல்லாம் சந்தை கேட்டது.
இடுப்புக்கு ஒரு எண், மார்பின் அசைவுக்கு ஒரு எண்.
பொத்தானை யூடித் இழுக்க இழுக்க
விழுந்து விழுந்து சிரித்தோம்.
பிறகு எண்ணைக் குறித்துக்கொண்டு
சிரிக்காமல் வேலை செய்தோம்.

தளம் அடையாள அட்டை கேட்டது.
முப்பத்து நான்கு வயது, திருகோணமலை மாவட்டம்,
எண்ணெய் வடியும் என் முகம்.
நைரா வளர்ந்த பெண் என்பதற்கு
உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி நான்.

இடது முழங்கால் எனக்குச் சரியில்லை.
பாலையூற்றில் பஸ் நிற்க முதல் இறங்கியது.
மென்மையாக்கும் கணக்கு ஒன்று
அந்த நொண்டலைத் துடைத்துவிடுகிறது.
நான் விந்தி விந்தி நடக்க
அவள் வழுக்கிக்கொண்டு போகிறாள்.
முதல் நாள் அதைப் பார்ப்பதற்காகவே
குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்,
ஒருவரும் வராத நேரத்தில், காசில்லாமல்.

இரவு ஒன்றரைக்கு அங்கே மாலை.
"திரும்பு" என்று வரும். "மெல்ல" என்று வரும்.
நான் கழற்றுவது எதுவுமில்லை,
கழற்றுகிற கையசைவுதான் என்னுடையது.
கறுப்புடுப்பு கழுத்துவரை இறுக்க
காற்றில் ஒரு கொக்கியை அவிழ்ப்பேன்.
மின்விசிறி போட ஏலாது, ஒலிவாங்கி பிடிக்கும்.
கடலை நிறுத்த முடியவில்லை.
அந்த இரைச்சலுக்கு என்ன மென்பொருள் என்று
ஒருவன் விசாரித்தான்.

வீட்டுக்குச் சொன்னது: ஹோட்டலில் இரவு வரவேற்பு மேசை.
முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஆவணியில் ஒரு புதன்,
புழுக்கம் தாங்காமல் பின்கதவைத் திறந்து விட்டோம்.
பஸ் நிலையத்தில் பொலித்தீன் தின்று திரியும் கூட்டத்தில் ஒன்று,
கொம்பு உதிர்ந்த கிழடு,
தலையை உள்ளே நீட்டியது.
மேசையில் யூடித்தின் பாண்.

ஒரு துண்டைப் பிய்த்து
முழங்கால் கத்தக் கத்தக் குனிந்து
கையை நீட்டினேன்.
ஈர மூக்கு உள்ளங்கையில் பட்டபோது
என் முகம் எப்படிப் போனதோ தெரியாது,
ஃபோனுக்குத் தெரியும்.

மானுக்கு உணரி இல்லை.
பாணுக்கும் இல்லை.
திரையில் ஒரு பெண்
ஒன்றுமில்லாத இடத்தில் குனிந்து
ஒன்றுமில்லாததை
ஒன்றுமில்லாததற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இருநூற்றுப் பதினொரு பேர்.
ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.
இணைப்பு அறுந்ததென்று யூடித் வயரை ஆட்டிப் பார்த்தாள்.
பிறகு காசு விழுந்தது:
அந்த மாத வாடகை, மேற்கொண்டு ஒரு உணரி.
"யாருக்கு?" என்று மட்டும் ஒருவன் கேட்டிருந்தான்.

விலைப்பட்டியலில் சேர்ப்போம் என்றாள்:
குனிந்து ஊட்டல், நானூறு டோக்கன்.
மாட்டேன் என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை,
சிலுவை மட்டும் நின்றேன்.
மூன்றாம் நாள், வாடகை நினைவில்,
வெறுங்கையை நீட்டிப் பார்த்தேன்.
நைரா அச்சொட்டாகக் குனிந்தாள்.
முகம் வரவில்லை.

விடிய நாலரைக்கு ஒட்டுப்பட்டிகளை உரிக்கிறேன்,
பதினேழு இடத்தில் தடம்.
பாண் விளிம்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு
விந்தி விந்தி வீதிக்கு வருகிறேன்.
கொம்பு உதிர்ந்தது
குப்பைக்குள் தலையை விட்டபடி நிற்கிறது.
என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.