ஒரு நொடி இரைச்சல்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்ததால்
டில்லிராணி அன்றைக்கும் லேட்.
மெத்தைக் கடை மாடியில் என் ஸ்டுடியோ.
விற்காத மெத்தைகள்தான் சுவர்.
ஃபேனை நிறுத்தினால்தான் மைக்.
காசிமேட்டில் இறால் உரித்த கை
இன்னும் ஐஸாகவே கீதுண்ணா என்று
நைட்டியில் துடைத்துவிட்டு
ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பாட்டுக்கு முன்னால் ஒரு நொடி
யாரும் பேசக் கூடாது என்பேன்.
அந்த நொடியின் இரைச்சலைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி
இதுதான் குப்பை,
இதைப் போல எது வந்தாலும் எடுத்துவிடு
என்று பழக்க வேண்டும்.
இந்த ஏரியாவில் ஒரு நொடி கிடைப்பது லேசில்லை.
கூட்ஸ் வண்டி, கன்டெய்னர் லாரி,
கீழே பஞ்சடிக்கும் மெஷின்.

பாடினாள்.
தவணை கட்டாததால் பேங்க் இழுத்துப் போன ஆட்டோவுக்கு
அவளே கட்டிய கானா.
ஹாரன் சத்தத்தையும் வாயாலேயே போட்டாள்.

அவள் போன பிறகு என் வேலை.
திரையில் அவள் குரல் ஒரு நீலக் கோடு.
வரிக்கு வரி கடைசிச் சொல்லில்
கொஞ்சம் சரிந்து, நின்று, பிறகு ஏறுகிறது,
ஆடும் படகிலிருந்து கரையில் கால் வைப்பவரைப் போல.
கட்டத்துக்குள் இல்லை.
ஒரு பட்டன்.
எல்லாம் கட்டத்துக்குள்.
முன்பல் சந்தில் சீறும் ‘ச’வைத் தேய்த்தேன்.
மூச்சுகளை வெட்டினேன், நாற்பத்தோரு மூச்சு.
எதிரொலிப் பட்டியலில்
மாதா கோயில் இருந்தது, குகை இருந்தது,
ஐரோப்பாவில் ஏதோ ஓர் அரங்கம் இருந்தது.
அவள் பாடிப் பழகிய
வியாசர்பாடி சுரங்கப்பாதை இல்லை.
அரங்கத்தைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து முழுசாகக் கேட்டாள்.
“சோக்கா பாடுதுண்ணா. யார் இந்தப் பொண்ணு?”
சிரித்தோம்.
காசு கொடுத்தாள், இருநூறு பாக்கி.

அந்தப் பொண்ணு ஷேர் ஆட்டோ ஏறி
தண்டையார்பேட்டை தாண்டி எண்ணூர் வரைக்கும் போனாள்.
மஞ்சள் நீராட்டு, பர்த்டே பார்ட்டி,
லாரி ஷெட்டில் டயர் கழற்றும் பையனின் போன்.
ஆடி மாசம் கூழ் ஊற்றிய மேடையில்
நிஜ டில்லிராணி ஏறிப் பாட,
முன்வரிசையில் ஒருவன் கத்தினான்:
“யக்கா, ஒரிஜினல் மாதிரி பாடு!”

தை மாசம் மறுபடி வந்தாள், புதுப் பாட்டோடு.
பழைய இருநூறை முதலில் எடுத்து வைத்தாள்.
நீலக் கோடு இந்த முறை
படிக்கட்டாய் ஏறியது, படிக்கட்டாய் இறங்கியது.
சரிவே இல்லை.
வெறும் தொண்டையால் மெஷினைப் பிடித்துவிட்டாள்.
பட்டனை அழுத்தினேன்,
அது நகர்த்த ஒன்றும் இல்லை.
“இப்போ கரீக்டா கீதாண்ணா?”
கரெக்டாக இருந்தது.
இருக்கும்மா என்றேன்.

அன்று ராத்திரி மவுசைப் பிடித்து
ஒவ்வொரு வரியின் வாலையும் கீழே இழுத்துப் பார்த்தேன்.
எவ்வளவு சரியும் என்று கைக்குத் தெரியவில்லை.
குடித்துவிட்டு யாரோ பாடுவதைப் போல் இருந்தது.
பழைய பாட்டை, நான் கை வைக்காத பாட்டை, தேடினேன்.
டிஸ்க் நிறைந்தபோது அழித்திருக்கிறேன்,
சபைப் பாட்டு ஆல்பம் ஒன்றுக்கு இடம் வேண்டி.
மிஞ்சியது ‘குப்பை’ என்று பெயர் வைத்த ஃபைல்.
ஒரு நொடி, கொஞ்சம் கூட.
போட்டேன்.

தூரத்தில் கூட்ஸ்.
பஞ்சு மெஷின்.
நடுவில், பேசாதே என்ற பேச்சைக் கேட்காமல்,
“பாடட்டாண்ணா?”

‘ண்ணா’ சரிந்து, நின்று, ஏறுகிறது.

இதைத்தான் காட்டியிருக்கிறேன்,
இதைப் போல எது வந்தாலும்
எடுத்துவிடு என்று.