நடு மடிப்பு

வூச்சிலிருந்து அதிகாலை ரயில், பதினோரு பேர்.
வார்சாவில் பதிப்பகம் நான்காவது மாடி; லிஃப்ட் பழுது.

பதிப்பாசிரியர் என் படத்தை விரித்து
நடுவில் விரலால் கோடிழுத்தார்:
"தையல் விழும் இடம்.
இந்த அம்மாவின் மூக்கைப்
புத்தகம் விழுங்கிவிடும்."

"ஒரு பக்கத்துக்கு எவ்வளவு தருவீங்க?"
திமோன்தான் கேட்டான்.
அறை முழுக்க
யாரோ பிஸ்கட் கடிக்கும் சத்தம்.

ஸ்டுடியோவில் ஆறிப்போன சூப்,
தலை திருப்பாமலே "வாங்க" என்ற ஒருத்தி.
நாளைக்குள் நாற்பது நரிகள் ஓடியாக வேண்டுமாம்;
பத்தொன்பதாவதுக்கு இன்னும் வால் முளைக்கவில்லை.

திரும்பும் ரயிலில் கத்தரிக்கோல் எடுத்தேன்.
அம்மாவை இரண்டு விரற்கடை
இடப்பக்கம் நகர்த்தி ஒட்டினேன்.
மகளின் கை
இப்போது எட்டவில்லை.

யாகோதா தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்:
"ரெண்டு பேருக்கும் சண்டையா?"

இல்லை என்று வாயெடுத்தேன்.
பசை இன்னும் காயவில்லை.