காணப்படவில்லை

மல்லாகம் நீதிமன்றப் பதிவறையில்
மின்விசிறி மாதத்தில் பாதி நாள் சுற்றும்.
இன்று சுற்றவில்லை.
விண்ணப்பத்தில், சவரிமுத்து அமலதாஸ், இளவாலை.
பள்ளிக்கூட வான் சாரதி வேலை.
காரணம் என்ற கட்டத்தில்
"பிள்ளையளை ஏத்திறதுக்கு" என்று எழுதியிருந்தார்.

எண்பத்தாறில் தொடங்கினேன்.
கறையான் மண்ணை ஊதிவிட்டு
வரியோடு விரலை இழுத்து வந்தால்
கோழிக் களவு,
கதியால் பிடுங்கி நட்டதில் மண்டை உடைவு,
அனுமதியில்லாத கள்ளு,
பிறகு
ச. அமலதாஸ். இரவில் விளக்கில்லாத சைக்கிள்.
தண்டம் இருபத்தைந்து ரூபா. கட்டியாயிற்று.

"அது நான்தான்"
யன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்.
"டைனமோவை முதல்நாள்தான் கழட்டி வித்தனான்."

தொண்ணூறுக்குப் பிறகு கொஞ்சத் தூரம்
அடுக்கில் ஏடுகள் இல்லை.
அதற்குள்ளால் பின்சுவர் தெரியும்.
எங்கே போயின என்று
எனக்கு முன்னிருந்தவருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்து மூன்றில் அதே பெயர்.
கத்திக்குத்து. ஒத்திவைத்த சிறை.
நான் நிமிரவில்லை. அவரும் பேசவில்லை.
தகப்பன் பெயர் பார்த்தேன்: சந்தியாப்பிள்ளை.
வேறு ஆள்.
"ஓ, அவனோ? அவன் இப்ப சுவிசில.
அவனுக்கு ஆர் ஏடு பாத்தது?"

சிரித்து முடித்துவிட்டு
கம்பியைப் பிடித்தபடி கேட்டார்:
"தொண்ணூற்றேழில என்னைப் பதினாலு மாதம்
வைச்சிருந்தவங்கள், பிள்ளை.
வழக்கு ஒண்டும் போடேல்லை.
அதையும் ஒருக்காப் பாருங்கோ."

வழக்கில்லாதது ஏட்டில் வராது.
தெரிந்தும் தொண்ணூற்றேழை இறக்கினேன்.
முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினேன்.
மத்தியானச் சாப்பாட்டு நேரம் போயிற்று.
ஒரு மாட்டுக்கு வழக்கெண் இருந்தது,
அடுத்தவர் தோட்டத்தில் மேய்ந்ததற்கு.
அவருக்கு இல்லை.

"இல்லையெண்டால் நல்லதுதானே" என்றார்.
கேட்டாரா, சொன்னாரா?
பதிலுக்கு நான் முத்திரையைத் தேடினேன்.

குற்றமற்றவர் என்று எழுத எனக்கு அதிகாரமில்லை.
வாசகம் ஏற்கெனவே அச்சடித்து இருக்கிறது:
இம்மன்றின் ஏடுகளில் காணப்படவில்லை.
அதற்கு முன்னால் பேனையால்
மேற்படி சைக்கிள் தவிர, என்று சேர்த்தேன்.

மை கூடிப்போயிற்று.
மடித்தால் ஒட்டிவிடும் என்று
கடதாசியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி
காங்கேசன்துறை வீதியின் வெயிலுக்குள் இறங்கினார்.
ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.
அவர் கையை எடுக்கவில்லை.