பேரில் மட்டும் வேகம்

நேற்று மத்தியானம் தின்ற அவரைக்காய்
இன்று விடிகாலை வாஷ்பேசினில்
முழுசாய் வந்து விழுந்தது.
விதைகூட நசுங்கவில்லை.
என்னைத் தெரிந்த மாதிரி பார்த்தது.

ஓசூரில் ஓர் இட்லி கொடுத்தார்கள்.
கதிர் ஏற்றிய இட்லி, சட்னி கிடையாது.
மணிக்கொரு தரம் கேமரா முன் நிற்கவேண்டும்.
நாலாவது மணியிலும்
பாதி இட்லி அங்கேயே இருந்தது,
டிக்கெட் வாங்கியும் பஸ் ஏறாத ஆள் போல.

"டோல்கேட்டில்தானே வேலை?
கேட் திறக்கலைன்னு வெச்சுக்குங்க" என்றார் டாக்டர்.
இல்லை சார்.
பதினோரு வருஷமாய்க் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, மூன்றாவது லேன்.
கேட் அரை நிமிஷம் மக்கர் செய்தால்
பின்னால் நிற்கிற லாரிக்காரன்
ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரிப்பான்.
உள்ளே ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லையே.

அடிக்கவேண்டிய நரம்பு ஓய்ந்துவிட்டதாம்,
பதினாறு வருஷச் சர்க்கரையில்.
பெயர் வேகஸ்.
பேரில் மட்டும் வேகம்.

ஊசி சொன்ன நேரத்துக்கு வந்துவிடும்.
சோறுதான் வராது.
போன மாசம் நைட் ஷிப்டில்
வேர்த்துக் கொட்டி, விரல் நடுங்கி
மாங்காய் லாரிக்குக் காருக்கான ரசீது போட்டேன்.
டிரைவர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தான்.
சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய்.
"கணக்கு அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல சப்புங்க."

களி கூடாது. கீரைக் கடைசல் கூடாது.
எண்ணெய் மிதக்கிற எதுவும் கூடாது.
திம்மராயன் இப்போதும் களி கிண்டுகிறார்,
சுவரைப் பார்த்து உட்கார்ந்து விழுங்குகிறார்.
முதுகு அசைவதில் தெரிந்துவிடும்
எத்தனை உருண்டை என்று.

எனக்குக் குழைந்த சோறு, வடிகட்டிய ரசம்,
உள்ளங்கை அளவு, ஆறு தரம்.
அரைமணி முன்னால் ஒரு மாத்திரை.
ஊசி, சாப்பிட்ட பிறகு.
படுக்கக்கூடாது, நடக்கவேண்டும்.
ஆகவே ராத்திரி ஒரு மணிக்கு
ரிப்ளெக்டர் கோட்டோடு
மூன்றாவது லேனிலிருந்து ஏழாவது லேனுக்கும்
ஏழிலிருந்து மூன்றுக்கும் நடக்கிறேன்.
சூபர்வைசர் இரண்டு தரம் கேட்டார்.
மூன்றாம் தரம் அவரும் தொந்தியோடு கூட வந்தார்.

வாந்தி நிற்கவில்லை. குறைந்திருக்கிறது:
வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு.
முழுசாய்ச் சரியாகாது என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இன்று நாலு மணிக்கு
விலா எலும்புக்குக் கீழே
கடமுடவென்று ஒரு சத்தம்.
மாதக்கணக்கில் கேட்காத சத்தம்.
பசி என்று சொல்லப் பயமாயிருந்தது.
கேபின் கண்ணாடியைச் சாத்திவிட்டு
இன்னொரு தரம் வருமா என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

லேனில் மூன்று வண்டி.
அடிக்கட்டும்.