முப்பத்தோராவது நிமிடம்

விளக்கை அணைக்கிறேன், திரைச்சீலையை இழுக்கிறேன்,
குளிர்பெட்டியின் சின்னப் பச்சைப் பொட்டையும்
துணியால் மூடுகிறேன்.
அப்படியும் தெரியவில்லை
கப்பலில் யார் யாரைச் சுட்டார்கள் என்று.
இப்போதெல்லாம் எதிர்காலத்துக்கு
மின்சாரம் போதவில்லை போலும்.
எல்லோரும் கிசுகிசுக்கிறார்கள்,
அண்டம் இப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளை என்பதுபோல.

எட்டுப் பகுதிகள். அடுத்த எட்டுக்கு இரண்டரை வருடம்.
அதற்குள் எங்கள் டிராம் நிறுத்தத்தின் பெயர் மாறிவிட்டது,
எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று.
சிறுவனாக இருந்த இளவரசன் தாடியோடு வந்து
"நேற்று நீங்கள் சொன்னீர்களே" என்று தொடங்குகிறான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன்:
இவர்கள் எப்போது சாப்பிடுகிறார்கள்?
நாலு தலைமுறை பயணம் போகும் கப்பலில்
ஒரு சட்டியைக் கழுவிக் கவிழ்த்து நான் பார்த்ததில்லை.
இயந்திரப் பெண் முதல் பகுதியிலேயே
அழக் கற்றுக்கொள்கிறாள்.
எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது.

இருந்தாலும் பார்க்கிறேன்.
கதைக்காக அல்ல.

புதாபெஸ்டின் தெற்கே, தன்யூப் நதித் தீவில்,
மூடிக்கிடந்த எங்கள் குழாய் ஆலையை
ஆறு வாரம் வாடகைக்கு எடுத்துத்தான்
இந்த எதிர்காலத்தைச் செய்தார்கள்.
"வியோரா கோளின் தலைநகரம்" என்று எழுத்து வருகிறது.
எனக்கு அது மூன்றாம் கூடம்.
புனித வாயில் என்பது
நாங்கள் வருகை அட்டை குத்திய இடம்.
பேரரசி போர் அறிவிக்கும் மேடைக்கு நேர் மேலே
நான் பத்தொன்பது வருடம் ஓட்டிய
பாரந்தூக்கியின் கூண்டு.
கொக்கிக்குக் கறுப்பு அடித்து
ஈர்ப்பு நங்கூரம் என்கிறார்கள்.
அடிக்கட்டும். வலப்பக்கக் கீறல் என்னுடையது.
எண்பத்தெட்டில் ஒரு வெள்ளிக்கிழமை.
மேற்பார்வையாளருக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாம் பருவம், நாலாம் பகுதி,
முப்பத்தோராவது நிமிடம்.
ஏழாம் தூணுக்குப் பின்னிருந்து
சாம்பல் அங்கியில் ஒருவன் பெட்டி சுமந்து கடக்கிறான்.
நாலு நொடி.
லோரான்ட்.

நாட்கூலி, மதியம் பீன்ஸ் சூப்.
அன்றிரவு நெற்றியில் வெள்ளிப் பூச்சோடு வீடு வந்து
"இனி நான் பூமிக்காரன் இல்லை" என்றான்.
சிரித்தேன்.
அது தகவல் என்று அப்போது தெரியவில்லை.
பருவம் ஒளிபரப்பானபோது
கியோர் நகரில்
ஒரு பல்மருத்துவ உதவியாளரின் வீட்டில் இருந்தான்.

முப்பத்திரண்டாவது நிமிடத்தில் வியோரா எரிகிறது.
ஒருவரும் மிஞ்சவில்லை என்கிறது அசரீரி.
நேற்றுத் தொலைபேசியில் கேட்டான்,
கொதிகலனின் உத்தரவாதச் சீட்டு
என்னிடம் இருக்கிறதா என்று.

மூன்றாம் பருவத்தில் உலகங்கள் கிளை பிரிகின்றனவாம்,
மேல்வீட்டு இபோய்கா விளக்குகிறாள்.
ஏதோ ஒரு கிளையில் வியோரா எரியவில்லை,
ஏதோ ஒரு கிளையில் நீங்கள் இருவரும்...
பாதியில் நிறுத்தி ஜன்னலைப் பார்க்கிறாள்.
எனக்குத் தெரியும் அந்தக் கிளை.
அங்கேயும் புளிச்செர்ரிக் கொட்டைகளைப்
பாத்திரத் தொட்டியில்தான் துப்பியிருப்பான்.
அங்கேயும் குறடோடு
குழாயடியில் மண்டியிட்டுக் கிடப்பவள் நான்தான்.
கிளை கிளையாய்ப் பிரித்து
அரைத்த மாவையே அரைக்கிறார்கள்.

இப்போது தொடரையே நிறுத்திவிட்டார்கள்.
கதவு பாதி திறந்திருக்கிறது,
பேரரசியின் கை தாழ்ப்பாளில்,
உள்ளே யார் என்று இனி யாரும் சொல்லப்போவதில்லை.
இபோய்கா கொதித்துப்போய்
படிப்படியாய் ஏறிக் கையெழுத்து வாங்குகிறாள்.
நானும் போட்டேன்.

பிறகு தனியாக, விளக்கை எரியவிட்டே,
நாலாம் பகுதியை வைத்தேன்.
இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தேன்.
வெறும் அட்டைப்பெட்டி என்று அவனே சொல்லியிருக்கிறான்.
ஆனால் வலது தோள் இறங்கியிருக்கிறது,
முழங்கால் ஒரு அடி தாமதிக்கிறது.
பாரம் தூக்கியவளுக்கு எடை தெரியும்:
அது இருபது கிலோ நடை.
யாரும் கேட்காமலே,
கடைசி வரிசையில், நாலு நொடிக்கு.

நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன்.
அவன் தலைக்கு மேல் கொக்கி லேசாக ஆடுகிறது.
காற்று நுழையாத கூடம் அது.
மேலே, என் கூண்டில்,
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.