நாற்பத்தொன்றாவது நிமிடம்

ரூவியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே
எங்கள் அலுவலகம்.
ஏழு மணிக்குக் கீழே துளைக்கும் சத்தம் நின்றதும்
தேர்வுக்குழு உட்கார்ந்தது.

இன்ஜினியர் கல்ஃபான், டாக்டர் ஸுவைனா,
லாகூர்க்காரர் இஃப்திகார்.
நான் குழுவில் இல்லை.
பகலில் சிமென்ட் கம்பெனியில் லாரி எண்ணுகிறவன்,
மாலையில் கோல் எண்ணுகிறேன். அவ்வளவுதான்.

பதினாறு கல்லூரிகள். தேசியப் போட்டிக்கு எட்டு.
வென்றால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று.
புள்ளியும் ஒத்துப்போனால் கோல் வித்தியாசம்.
அதுவும் ஒத்துப்போனால்
யார் யாரோடு மோதினார்கள் என்று பார்ப்போம்.
எளியவனை எட்டு கோலில் சாத்தியவனைவிட
வலியவனிடம் ஒரு கோலில் தோற்றவனுக்கு
எங்கள் கணக்கில் கொஞ்சம் மரியாதை உண்டு.

நிஸ்வா, சோஹார் என்று ஏழு பெயர்கள்
தேநீர் ஆறுவதற்குள் முடிந்தன.
எட்டாவது இடத்தில்
இப்ரியும் சூரும்
பத்தொன்பது, பத்தொன்பது.
வித்தியாசம் ஆறு, ஆறு.
எதிரணிகளின் பலத்தைக் கூட்டி வகுத்தேன்.
மூன்றாவது தசமத்தில்
சூர் நான்கு கூடுதல்.

கல்ஃபான் பேனாவை மூடினார்.

அப்போதுதான் சொன்னேன்,
இப்ரி-ருஸ்தாக் ஆட்டத்துக்கு மேசை அதிகாரி நான் என்று.
நாற்பத்தொன்றாவது நிமிடம் புழுதிக்காற்று.
கம்பத்து விளக்குகள் மஞ்சளாகி, பழுப்பாகி,
என் கையே எனக்குத் தெரியவில்லை.
ஒன்றுக்கு ஒன்று என்று எழுதி மடித்தேன்.
ஆனால் மடிப்பதற்கு முன்னால்
கேட்டேன்:
டக்.
கோல் வலைக்குள் பலகையில் பந்து விழும் சத்தம்.
நடுவரின் விசிலைக் காற்று தின்றுவிட்டது;
அது முதலிலா, டக் முதலிலா என்பது மட்டும்
ஐயமில்லை எனக்கு.
டக் முதலில்.

அந்தக் கோலைச் சேர்த்தால் இப்ரிக்கு இருபத்தொன்று.
தசமமே வேண்டாம்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
இப்ரிக்குப் பயிற்சியாளர் கொரேரா, தூத்துக்குடிக்காரர்.
அவர் வீட்டு மீன்குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன்.
அது அவர்களுக்கும் தெரியும்.

ஆட்டத்தாளைப் பிரித்தோம்.
மடிப்பிலிருந்து மணல் மேசையில் கொட்டியது.
கல்ஃபான் உள்ளங்கை ஓரத்தால்
அதை ஒரு சின்னக் குவியலாக்கினார்,
எறியவில்லை.

"பார்த்தீர்களா?" என்றார் இஃப்திகார்.
"இல்லை. கேட்டேன்."
"கேட்டதற்கு இதில் கட்டம் இல்லையே."
அவர் கேலி செய்யவில்லை.
அவரும் ஆடியவர்,
இடது கையில் இரண்டு விரல்கள் வளையாது.

டாக்டர் ஸுவைனாதான் கேட்டார்,
மெதுவாக, நோயாளியிடம் கேட்பதுபோல்:
"எந்தப் பக்கத்துப் பலகை?"

மைதானத்துக்குப் பலகை இரண்டு.
காற்று எட்டுத் திசையிலும் சுழன்றது.
ஆறு வாரமாக அந்தச் சத்தத்தை
வலது பக்கமே வைத்திருந்தேன்,
ருஸ்தாக் கோல்காரனின் முதுகுக்குப் பின்னால்.
யார் வைத்தது அங்கே?
மீன்குழம்பா?
இடது பக்கம் என்றால்
இப்ரிக்கு அந்த ஒரு புள்ளியும் இல்லை.

"தெரியவில்லை" என்றேன்.

சூர் என்று எழுதினார்கள்.
மூன்று கையொப்பம். கீழே என்னுடையது, சாட்சியாக.

தோற்றவர்களுக்குத் தகவல் சொல்வதும் என் வேலை.
கொரேரா முதல் மணியிலேயே எடுத்தார்.
"எவ்வளவுல போச்சு?"
"பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் நாலு."
"அதுக்கு ஒரு பேரு இருக்கா?"
இல்லை என்றேன்.
"சரி. பயலுவ இன்னும் கிரவுண்டுலதான் இருக்கானுவ.
ரெண்டு கோல் முனையிலயும் அடிச்சுப் பழகுதானுவ.
நானே சொல்லிக்கிடுதேன்."

அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.
இப்ரி இரவிலிருந்து வந்துகொண்டிருந்தது,
டக்,
கொஞ்சம் பொறுத்து
டக்.
கண்ணை மூடி
எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்த்தேன்.