ஏழாவது இழை

ஜேசிபி ஓட்டிய தேவசகாயம்
வேர் என்று நினைத்தானாம்.
பேசின் பிரிட்ஜ் ஓரம், இரவு பதினொன்றே கால்.
குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில்
என் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கேபிள்
நார்நாராய்க் கிடக்கிறது.
மழை விட்டுவிட்டது. தார்ப்பாய் விடவில்லை,
என் பிடரியாகப் பார்த்துச் சொட்டுகிறது.

நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு,
சாம்பல், வெள்ளை, சிவப்பு,
இன்னும் ஐந்து.
நிறமெல்லாம் மேல்பூச்சு. உரித்துவிட்டால்
எல்லாம் ஒரே கண்ணாடி, தலைமயிர் தடிமன்.
இம்தியாஸ் டார்ச் பிடிக்கிறான்.
அவன் கை நடுங்கினால்
பள்ளமே நடுங்குகிறது.

மேலே அவுட்டரில் ஒரு ரயில் நிற்கிறது.
எல்லா ஜன்னலும் இருட்டு. ஒன்றில் மட்டும் ஒருவர்
வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார்.
சென்ட்ரல் கண்ணுக்கெதிரே.
முன்னால் போனது போய்ச் சேரணும்,
பிறகுதான் இவருக்கு வழி.
கம்பியிலும் ஒருகாலம் இப்படி முறை வைத்துத்தான்
பேச்சை அனுப்பினார்கள்,
துண்டு துண்டாக நறுக்கி.

இந்தக் கண்ணாடிக்குள்
யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை.
எண்பது ஒளி. எண்பதும் கண்ணுக்கு எட்டாத நிறம்.
ராயபுரத்தில் ஒருத்தி வட்டிக்காரரிடம்
“நாளைக்கு” என்கிறாள்.
அதே நொடி, அதே இழை,
தமாமிலிருந்து ஒருவன் மனைவியிடம்
“நாளைக்கு” என்கிறான்.
இரண்டு நாளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய்
அதனதன் காதில் இறங்குகிறது.
ஒரு நுரையீரலின் படமும்
எவனோ தோற்றுக்கொண்டிருக்கும் சீட்டாட்டமும்
உரசாமல் போகின்றன.
எங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து பேசினால்
அது சண்டை.

முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதே என்று
எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கிறது.
பார்த்தாலும் இருட்டுதான் தெரியும்.
இருட்டாகவே சுடும்.

உரித்தேன். ஸ்பிரிட் துணியால் துடைத்தேன்,
அது கீச்சென்றது. அப்படிக் கீச்சிட்டால் சுத்தம்.
திரையில் இரண்டு தூண்கள்
நெருங்கி நெருங்கி வந்தன.
ஒரு பொறி.
இழப்பு: புள்ளி பூஜ்யம் இரண்டு.
“சிவப்பு வந்துடுச்சு, ஓடுது!”
மறுமுனையில் கோபிநாத், கொட்டாவியோடு.

அப்போதுதான் பார்த்தேன்.
ஸ்லீவ் என் மடியில் கிடந்தது.
ஒட்டுவதற்கு முன் கோத்திருக்க வேண்டிய
சின்னக் குழல்.
அது இல்லாத ஒட்டு
அடுத்த லாரி அதிர்வு வரைக்கும்தான்.

டேப் சுற்றி மூடலாம். யாருக்குத் தெரியும்?
இரண்டு மாதம் தாங்கினால்
அன்றைக்கு வேறு யாருக்காவது டூட்டி இருக்கும்.

இதற்குள் அங்கே
“ஹலோ… ஆ, இப்ப கேக்குது, சொல்லு” என்று
எத்தனை பேர் ஆரம்பித்திருப்பார்கள்.
அழுகையை விட்ட இடத்திலிருந்து எடுத்திருப்பார்கள்.

வெட்டினேன்.

தேவசகாயம் தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.
இந்த வெட்டுக்கு அவனைச் சொல்ல முடியாது.
எண்பது நிறமும் என் விரலிடுக்கில்
ஒரே மாதிரி நின்றன,
பொய், கணக்கு, கொஞ்சல், ஸ்கேன்,
எது எது என்று ஒரு சத்தமும் இல்லை.
மூன்று நிமிடம்.
யாரோ ஒருத்தர் “டவர் இல்ல” என்று
ஈர மாடிப்படியில் ஏறியிருப்பார்.

இம்தியாஸ் ஸ்லீவை எடுத்து நீட்டினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
மேலே ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

கோத்தேன். பொறி.
புள்ளி பூஜ்யம் மூன்று.
முதலில் வந்ததைவிட ஒரு மயிரிழை மோசம்.
இருக்கட்டும்.

எட்டாவது, கறுப்பு.